பாம்புக்கல்லின் சரித்திரம் – 9: சுவர்களே மலையான இடம்

பீங்கான் தொழிற்சாலை ஒன்றின் தலைமைப் பதவியை வகித்துக்கொண்டே பாறைகளுக்குப் பெயரிடும் வேலையையும் அலுக்காமல் செய்துவந்த அலெக்சாந்தர் பிரோன்யார் என்ற பிரெஞ்சு அறிஞர், பாம்பின் தோலைப்போலப் பச்சையும் கருமையுமாய் மினுங்கும் ஒருவகைக் கல்லுக்கு 1813-ஆம் ஆண்டில் கிரேக்கச் சொற்களைக் கூட்டி ‘ஓஃபியோலைட்’, அதாவது பாம்புக்கல், என்று பெயர் வைத்ததையும், எட்டு ஆண்டுகள் கழித்து, இத்தாலியின் அப்பெனைன் மலைகளில் அந்தக் கல் தனித்து வராமல் வேறு சில பாறைகளையும் உடன் அழைத்துக்கொண்டே வருவதைக் கண்டு, அப்பெயரை அக்கூட்டம் முழுமைக்கும் விரித்துரைத்ததையும் இத்தொடரின் தொடக்கத்தில் கண்டோம்.

நூறு ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானியரான குஸ்தாவ் ஸ்டைன்மான், பாம்புக்கல்லும், தலையணை வடிவில் உறைந்த லாவாவும், ரேடியோலேரியா என்னும் நுண்ணிய கடலுயிர்களின் கூடுகள் படிந்து இறுகிய கல்லும் இணைபிரியாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டி, இம்மூன்றுக்கும் ஆழ்கடலோடு சம்பந்தம் உண்டென்று வாதித்த கதையும் முடிந்தது.

சென்ற வாரம், பாம்புக்கல்லுக்குத் தாயான பெரிடோடைட் என்னும் பாறை பூமியின் அடியிலிருந்து குழம்பாக ஓடிவந்ததா, கட்டியாகவே ஏறிவந்ததா என்ற வழக்கில், பிரின்ஸ்டனின் ஹாரி ஹெஸ்ஸும், ஆய்வுக்கூடத்து உலையையே சாட்சிக்கு அழைத்த நார்மன் போவெனும் எதிரெதிராக நின்றதைப் பார்த்தோம். 1949-ல் போவெனும் டட்டில் என்பவரும் சேர்ந்து 1,000 டிகிரி வரை சூடேற்றிப் பார்த்தும் பாம்புக்கல் குழம்பாகவில்லை. குழம்புக் கட்சி அன்றோடு தளர்ந்தது.

ஆனால் கட்டியாக வந்ததென்றால் எங்கிருந்து வந்தது, எதனால் ஏறிற்று என்று கேட்டால் உலை பதில் சொல்லாது. அதற்கு மலைக்குத்தான் போகவேண்டியிருந்தது.

* * *

மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில், துருக்கிக்குத் தெற்கேயும் சிரியாவுக்கு மேற்கேயும் கிடக்கும் சைப்ரஸ், லத்தீன் பாஷையில் தாமிரத்துக்கே தன் பெயரைக் கொடுத்த தீவு. பண்டைக் காலத்தில் அங்கே தாமிரம் உருக்கிக் கொட்டிய கசடு இன்னமும் கறுப்புக் குன்றுகளாகக் கிடக்கிறது. ஓவியர்கள் எண்ணெயில் குழைத்துப் பூசும் ‘அம்பர்’ என்ற பழுப்பு மண்ணும், கல்நாரும், குரோமைட்டும் அத்தீவின் வயிற்றிலிருந்தே தோண்டி எடுக்கப்பட்டன.

இத்தனை செல்வத்தையும் ஒரே மலைதான் மடியில் கட்டி வைத்திருந்தது. அதன் பெயர் ட்ரூடோஸ். அதன் சிகரத்துக்கு ஒலிம்பஸ் என்றும் கியோனிஸ்ட்ரா என்றும் இரண்டு பெயர்கள். உயரம் 1,952 மீட்டர். குளிர்காலத்தில் பனி போர்த்திக்கொள்ளும்.

1950-ல் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் அங்கே பூகர்ப்ப ஆய்வுத் துறை ஒன்று ஏற்பட்டது. அத்துறையின் உத்தியோகஸ்தர்கள் சமுத்திரங்களின் பிறப்பைக் கண்டறியப் புறப்பட்டவர்கள் அல்லர். பிரதேசம் பிரதேசமாக நடந்து, எந்தப் பாறை எங்கே வெளிப்படுகிறது, எந்தக் கனிமம் எங்கே அகப்படும் என்று படத்தில் வர்ணம் தீட்டிக் குறிப்பதே அவர்கள் வேலை. அதுவும் சாதாரணமான காலத்தில் அன்று. 1955 முதல் 1959 வரை அத்தீவில் ஆட்சிக்கு எதிரான ஆயுதக் கிளர்ச்சி நடந்தது. ட்ரூடோஸின் காடுகளில் கிளர்ச்சிக்காரர்கள் ஒளிந்திருந்தார்கள், பட்டாளம் அவர்களைத் தேடித் திரிந்தது. துப்பாக்கியும் துப்பறிதலுமாக இருந்த அந்த வருஷங்களில்தான், சுத்தியலும் திசைகாட்டியும் குறிப்புப் புத்தகமும் எடுத்துச் சென்றவர்கள் அத்தீவின் பாறைகளுக்கும் படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

வில்சன் எழுதிய ட்ரூடோஸ் பகுதியின் விவரணம் 1959-ல் வெளிவந்தது. மறு ஆண்டு, தாலி என்ற பகுதியைப் பற்றி இயன் காஸ் என்ற இளைஞர் எழுதிய விவரணமும் வந்தது. (நம் ஊர்த் தாலிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.) சர்க்கார் வெளியீடுகளுக்கே உரிய வறண்ட நடையில் அமைந்த அந்தப் புத்தகங்களைத் திறந்து பார்ப்பவர்கள் இன்று சிலரே இருப்பார்கள். ஆயினும் இந்தச் சரித்திரத்தின் போக்கு திரும்பிய இடம் எது என்று என்னைக் கேட்டால், பிற்பாடு வந்த புகழ்பெற்ற கட்டுரைகள் எதையும் நான் காட்டமாட்டேன். அந்த வர்ணப் படங்களைத்தான் காட்டுவேன்.

* * *

படம் முடிந்ததும் தெரிந்த முதல் விசேஷம், அந்த மலை தலைகீழாக இருக்கிறது என்பது.

சிகரத்தில் நிற்பது பெரிடோடைட். அதாவது பூமியின் மேலோட்டுக்கும் கீழே, கவசம் என்று சொல்லப்படும் ஆழத்தில் இருக்கவேண்டிய கனத்த பாறை. நீர் புகுந்து அதில் பெரும்பகுதி பாம்புக்கல்லாகிவிட்டது. (சேலத்துக்கு அருகே, வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கரட்டில் நம்மவர் கண்டிருக்கும் டூனைட்டும் இந்தப் பெரிடோடைட்டுக்கு நெருங்கிய உறவுதான், ஆனால் அதன் வயதும் வாழ்க்கையும் வேறு, அதை இந்தக் கதைக்குள் இழுத்துவர நான் துணியமாட்டேன்.) சிகரத்திலிருந்து இறங்கத் தொடங்கினால், பெரிடோடைட்டைச் சுற்றி வளையம்போல் கேப்ரோ என்னும் பாறை, அதைச் சுற்றி, இந்த அத்தியாயத்தின் கதாநாயகனான பாறைச் சுவர்கள், அவற்றுக்கும் வெளியே தலையணை லாவா, அதன் மேல் அம்பர் மண்ணும் ரேடியோலேரியக் கல்லும், கடைசியில், மலையடிவாரத்தில், வெண்மையான சுண்ணக்கல்.

மலையிலிருந்து இறங்க இறங்க, பாறைகளின் வரிசையில் மேலே ஏறிக்கொண்டிருக்கிறோம்! ஆழத்தில் கிடந்தது முடியிலும், மேலே படிந்தது அடிவாரத்திலுமாக அமைந்த இந்த விந்தைக்குக் காரணம், பெரிடோடைட்டுக்குள் நீர் புகும்போது நடக்கும் ஒரு மாறுதல். ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 3.3 கிராம் எடையிருந்த கல், பாம்புக்கல்லாக மாறும்போது உப்பிப் பெருத்து, 2.6 கிராம் அளவுக்கு இலேசாகிவிடுகிறது. இலேசானது கனமானவற்றைப் பிளந்துகொண்டு மேலே வருவது இயற்கை. அவ்விதம் நடுவில் முட்டிக்கொண்டு எழுந்த பாம்புக்கல், தன்மேல் இருந்த அடுக்குகளை நாற்புறமும் விலக்கிச் சாய்த்தது. வெயிலும் மழையும் மிச்ச வேலையைச் செய்து, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தாற்போல் எல்லா வளையங்களையும் கண்ணுக்குக் காட்டின.

* * *

இனி, அந்தச் சுவர்கள்.

பூமியின் விரிசல் ஒன்றில் கற்குழம்பு ஏறி, அங்கேயே உறைந்து செங்குத்தாக நிற்கும் பாறைப்பலகைக்கு ‘டைக்’ என்று பெயர். ஸ்காட்லாந்தில் வயலுக்கு வயல் எழுப்பும் கல்சுவருக்கு வழங்கும் பெயர்தான் அது. டைக்குகள் உலகெங்கும் உண்டு. ஒரு கருங்கல் மலையை வேறு நிறத்துச் சுவர் ஒன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போவதைக் கல்லுடைக்கும் எவரும் கண்டிருப்பார். அங்கெல்லாம் மலை முந்தியது, சுவர் பிந்தியது. மலை பெரிது, சுவர் சிறிது.

ட்ரூடோஸில் மலையே இல்லை; சுவர்கள் மாத்திரமே இருந்தன.

சாலைக்காக வெட்டிய சரிவு ஒன்றின் எதிரே நிற்பதாக வாசகர்கள் பாவித்துக்கொள்ளலாம். பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், ஒன்றிரண்டு மீட்டர் அகலமுள்ள பலகை ஒன்று செங்குத்தாக நிற்கிறது. அதன் நடுப்பகுதியில் கையை வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், ரவை ரவையாகப் படிகங்கள் தெரியும். கையை ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த அந்த ரவை மாவாகி, விளிம்பில் விரற்கடை அளவுக்குக் கறுத்து, இறுகி, வெறுங்கண்ணுக்கு ஒரு துகளும் புலப்படாத வழவழப்பாகிவிடும். கொதிக்கும் குழம்பு, தான் புகுந்த விரிசலின் குளிர்ந்த சுவரைத் தொட்ட மாத்திரத்தில், படிகம் வளர அவகாசமில்லாமல் திடுமென உறைந்துபோன விளிம்பு அது. சரி, அந்த விளிம்புக்கு அப்பால் குழம்பைக் குளிரவைத்த பழைய பாறை இருக்கவேண்டும் அல்லவா? அங்கே இருப்பது இன்னொரு டைக். அதற்கு அப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால் மற்றொன்று. நடந்துகொண்டே போகலாம், நூறு சுவர்களைத் தாண்டினாலும், அவை புகுந்ததற்கு இடம் கொடுத்த ஆதிப் பாறை ஒரு முழம்கூடக் கண்ணில் படாது.

ஆய்ந்தவர்கள் கணக்கிட்டபோது, அந்த வளையத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல், பல இடங்களில் நூறு பங்கும், டைக்குகளாகவே இருந்தன. பெரும்பாலானவை வடக்கு தெற்காக நின்றன. மலைத்தொகுதியின் நெடுக, பல பத்து கிலோமீட்டர் தூரம் கிழக்கு மேற்காகச் சுவர்களைக் குறுக்கே கடந்து போகலாம்.

இதன் பொருளைச் சற்று நிதானித்து யோசிக்கவேண்டும். ஒரு மீட்டர் அகலமான குழம்பு புகவேண்டுமானால், பூமி ஒரு மீட்டர் விலகி வழிவிடவேண்டும். மலை முழுவதும் சுவர்களே என்றால், அந்த மலை எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரமும் பூமி விலகியிருக்கவேண்டும். அதுவும் ஒரேயடியாகப் பிளந்து பெரும்பள்ளமாகிவிடாமல், ஒவ்வொரு மீட்டராக, குழம்பு வர வர, மீண்டும் மீண்டும், பிசகாமல்.

ஏடுகளைச் செங்குத்தாக நிறுத்திய ஓர் ஓலைச்சுவடியை எண்ணிக்கொள்ளுங்கள். சுவடியின் நடுவே புதிய ஏடு ஒன்றைச் செருகினால், இருபுறத்துச் சட்டங்களும் ஓர் ஏட்டளவு விலகும். அந்தப் புதிய ஏட்டையே நெடுக இரண்டாகக் கிழித்து, அதன் நடுவில் இன்னொன்றைச் செருகினால்? கிழிந்த பாதி இடப்பக்கமும் மறுபாதி வலப்பக்கமும் ஒதுங்கும். ஒவ்வொரு பாதிக்கும் ஒரே ஓரம்தான் முழு ஓரமாக மிஞ்சும். ட்ரூடோஸிலும் இப்படிப் பாதியாகக் கிழிந்த சுவர்கள் கிடைத்தன. ஒரு பக்கம் மாத்திரம் கறுத்த விளிம்பும், மறுபக்கம் ரவைபோன்ற நடுப்பகுதியே வெட்டுப்பட்டு நிற்பதுமாக, அவை தம் ஜோடியை எங்கோ கிலோமீட்டர்களுக்கு அப்பால் தொலைத்துவிட்டு நின்றன. (1974-ல் கிட், கான் என்ற இருவர் இந்த ஒற்றை விளிம்புகளைப் பொறுமையாக எண்ணி, ஒரு திசையைப் பார்த்தவை மறு திசையைப் பார்த்தவற்றைக் காட்டிலும் மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். செருகல் ஓரிடத்திலேயே, நடுவிலேயே, நடந்துவந்தது என்பதற்கு அது அத்தாட்சி ஆயிற்று.)

ஆனால் நாம் 1960-ல் நிற்கிறோம். பூமி அப்படி விலகிக்கொண்டே போகும் இடம் எது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

* * *

தீவு சுதந்திரமடைந்த அந்த ஆண்டை ஒட்டிக் காஸ் இங்கிலாந்துக்குத் திரும்பி, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். மலை அவரை விடவில்லை. மாசன்-ஸ்மித் என்பவரோடு சேர்ந்து, சைப்ரஸின் மேல் புவியீர்ப்பு எந்தெந்த இடத்தில் எவ்வளவு என்று அளந்த கணக்குகளை ஆராய்ந்து, 1963-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

அளவைக் கருவி சொன்னது எளிய செய்தி: அந்தத் தீவின் கீழே வழக்கத்துக்கு மிஞ்சிய கனம் கிடக்கிறது. ஒலிம்பஸ் சிகரத்தின் கீழே மாத்திரம், ஒரு வட்டத்துக்குள், கனம் குறைகிறது. அது முன்சொன்ன இலேசான பாம்புக்கல்லின் வேலை. அதை நீக்கிப் பார்த்தால், கவசத்தின் துண்டு ஒன்றே மேலோட்டின் உயரத்துக்குத் தூக்கி வைக்கப்பட்டிருப்பதாகத்தான் கொள்ளவேண்டும். ஆப்பிரிக்கக் கண்டத்தின் விளிம்பு வடக்கே நகர்ந்து, ட்ரூடோஸின் அடியில் ஆப்பைப்போல நுழைந்து, அதை நெம்பி எழுப்பியிருக்கவேண்டும் என்று அவ்விருவரும் எழுதினார்கள்.

கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னாலே பல பேராசிரியர்கள் முகம் சுளித்த காலம் அது. நெம்பியது யார் என்பதற்கு ஓர் உத்தேச விடை கிடைத்துவிட்டது. நெம்பப்பட்டது என்ன என்ற கேள்வி நின்றது.

* * *

இதே வருஷங்களில், சைப்ரஸைப் பற்றி ஒருநாளும் நினைத்திராத வேறொரு கூட்டத்தார் கடலின் அடியைத் துருவிக்கொண்டிருந்தார்கள்.

கப்பலிலிருந்து வெடி வெடித்து, அதன் அதிர்வு கடலடிப் பாறைகளில் பாய்ந்து திரும்பும் வேகத்தை அளந்ததில், சமுத்திரத்தின் தரை எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியான அடுக்குகளால் ஆனது என்று தெரிந்தது. மேலே மெல்லிய வண்டல்; அதன் கீழே லாவா போன்ற ஓர் அடுக்கு; அதற்கும் கீழே தடித்த மூன்றாம் அடுக்கு; தரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் ஆழத்தில், அதிர்வின் வேகம் திடீரென ஏறும் மோஹோ எல்லை; அதற்கு அப்பால் கவசம். ஆனால் அதிர்வு வேகத்தைச் சொல்லுமே அன்றி, கல்லின் பெயரைச் சொல்லாது. மூன்றாம் அடுக்கு எந்தக் கல்?

துளைத்தே பார்த்துவிடுவது என்று அமெரிக்கர்கள் தீர்மானித்தார்கள். 1961-ல், மெக்ஸிகோவின் குவாடலூப்பே தீவுக்கு அருகில், 3,500 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமுள்ள நீரில், நங்கூரமின்றி நிற்கும் கப்பலிலிருந்து துளைக்கோலை இறக்கினார்கள். கடலடியில் 183 மீட்டர் வரை போயிற்று. கடைசிச் சில மீட்டர்களில் எரிமலைப் பாறை வந்தது. மோஹோவுக்கு இன்னும் பல கிலோமீட்டர் பாக்கி. செலவு கட்டுக்கு மீறிப் பெருகியது. 1966-ல் அமெரிக்கக் காங்கிரஸ் பணத்தை நிறுத்தியது.

அவர்கள் தேடிய எல்லையைச் சைப்ரஸில் ஆட்டிடையர்கள் தினமும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று இன்று எழுதுவது சுலபம். அன்று அதைச் சொல்வதற்கு, நடுவில் ஒரு கண்ணி தேவைப்பட்டது.

அந்தக் கண்ணியைக் கொடுத்தவர் நம் பழைய நண்பர் ஹெஸ். போவெனிடம் தோற்றவர் என்று சென்ற வாரம் அவரை விட்டுவந்தோமே, அவர் பெரிடோடைட்டை மறக்கவே இல்லை. 1962-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், நடுக்கடல் மலைத்தொடர்களின் முகட்டில் கவசப் பொருள் மேலெழுந்து புதிய தரையாகிறது, அத்தரை இருபுறமும் விலகிச் செல்கிறது என்ற சித்தாந்தத்தை வைத்து, அதைத் தாமே ‘பூமியைப் பற்றிய கவிதை’ என்று கூச்சத்தோடு அறிமுகம் செய்தார். மறு ஆண்டே கேம்பிரிட்ஜின் பிரெட் வைன், டிரம்மண்ட் மாத்யூஸ் என்ற இருவர், கடலடிப் பாறைகளில் பதிந்த காந்தக் கோடுகளைக் கொண்டு அந்தக் கவிதைக்கு இலக்கணம் வகுத்தார்கள்.

தரை விலகுமானால், விலகும் இடத்தில் குழம்பு செருகப்படும். செருகப்படுமானால், சுவர் மேல் சுவராக நிற்கும்.

* * *

1968 அக்டோபரில் ‘நேச்சர்’ பத்திரிகையில் காஸின் கட்டுரை ஒன்று வந்தது. சைப்ரஸின் ட்ரூடோஸ் மலைத்தொகுதி மீஸோஸோயிக் யுகத்துச் சமுத்திரத் தரையின் துண்டுதானா என்பதே அதன் தலைப்பு. ஆம், கேள்வியாகவே!

அந்தக் கேள்விக்குறியை நான் மிகவும் மதிக்கிறேன். ஐந்து வருஷங்கள் அம்மலையில் சுத்தியல் பிடித்தவர், ஐந்து வருஷங்களுக்கு முன்பே அதன் கனத்தை அளந்து சொன்னவர், ‘இதுவே கடல்தரை’ என்று அடித்துச் சொல்லியிருந்தாலும் ஒருவரும் வியந்திருக்கமாட்டார்கள். அவர் தம் சாட்சிகளை வரிசையாக நிறுத்தினார்: தலையணை லாவா, அது நீருக்கடியில் உறைந்ததற்கு அடையாளம், சுவர்கள், பூமி விலகியதற்கு அடையாளம், கேப்ரோவும் பெரிடோடைட்டும், அதிர்வு சொன்ன அடுக்குகளுக்கு நேரான கற்கள். தீர்ப்பை வாசிப்பவர்களிடம் விட்டுவிட்டார்.

கேள்வியைப் பதிலாக மாற்றியவர்கள் இருவர். ஒருவர் அந்த வைனே. இதற்குள் அவர் பிரின்ஸ்டனுக்கு, ஹெஸ்ஸின் பக்கத்து அறைகளுக்கே வந்து சேர்ந்திருந்தார் என்றால் பொருந்தும். மற்றவர் எல்ட்ரிட்ஜ் மூர்ஸ். அவரும் பிரின்ஸ்டனில் படித்தவர், வட கிரீஸில் வூரினோஸ் என்ற இடத்தில் இதேபோன்ற பாறை வரிசையை ஆராய்ந்து முடித்தவர். கடலைக் காகிதத்தில் படித்தவரும், மலையைக் காலால் படித்தவரும் ஒரே சரிவில் நின்றது இந்தச் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை என்று சொன்னால் மிகையாகலாம். ஆனால் அதிலிருந்து விளைந்தது மிகவும் பெரிது.

காந்தத்தில் பழகிய வைன் செய்யக்கூடிய காரியம் ஒன்று அங்கே காத்திருந்தது. லாவா குளிரும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுவின் நுண்துகள்கள் அன்றைய பூகாந்தத்தின் திசையைத் தம்முள் பதிந்துகொள்கின்றன; அப்புறம் அந்தப் பாறை எங்கே போனாலும், திசைகாட்டி முள்ளைப்போல் பதிந்த அந்தத் திசை மாறுவதில்லை. ட்ரூடோஸின் கற்களை அளந்தபோது முள் வடக்கைக் காட்டவில்லை. மேற்கைக் காட்டியது. பாறை பிறந்தபின், மலைத்தொகுதி முழுவதும் இடப்புறமாக ஏறக்குறைய 90 டிகிரி சுழன்றுவிட்டிருக்கிறது! இன்று வடக்கு தெற்காக நிற்கும் சுவர்கள், பிறந்தபோது கிழக்கு மேற்காக நின்றவை. ஒரு தீவின் நடுவயிறு, சாவகாசமாக, திருகைக் கல்லைப்போலக் கால் வட்டம் திரும்பிய இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பிரமிப்பு இன்னும் தீரவில்லை.

1971-ல் மூர்ஸும் வைனும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, ட்ரூடோஸும் அதுபோன்ற பிற ஓஃபியோலைட்டுகளும் சமுத்திர மேலோடே என்று வாதித்தது. அதில் ஹெஸ்ஸுக்கு ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் இருந்தன. தரை விலகுகிறது என்றது சரியாயிற்று. மூன்றாம் அடுக்கு பாம்புக்கல்லாகவே இருக்கும் என்று அவர் நம்பியது பொய்த்தது. மலை காட்டிய கல், சுவர்களும் அவற்றின் கீழே கேப்ரோவும். ஹெஸ் அதைப் பார்க்க இல்லை. 1969 ஆகஸ்டில் காலமாகிவிட்டார்.

அதே 1971-ல், கடல்தரை கண்டத்தின் மேல் தூக்கி ஏற்றப்படும் செயலுக்கு ராபர்ட் கோல்மன் தனிப்பெயரே வைத்துவிட்டார். பெயர் வைத்தாகிவிட்டால், பாதி வழக்கு ஜெயித்தது போலத்தான்.

* * *

1972 செப்டம்பரில், அமெரிக்கப் பூகர்ப்ப சங்கத்தின் பென்ரோஸ் மாநாடு ஓஃபியோலைட்டையே பொருளாகக் கொண்டு அந்நாட்டின் மேற்குப் பகுதியில் கூடியது. அறைக்குள் இருந்து பேசாமல், பாறைகளிடையே பயணம் செய்துகொண்டே விவாதித்த மாநாடு அது.

பிரோன்யார் தொட்டு நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக அவரவர் விருப்பப்படி வழங்கிவந்த சொல்லுக்கு அங்கே வரம்பு கட்டினார்கள். ஓஃபியோலைட் என்பது ஒரு தனிக் கல்லின் பெயர் ஆகாது. ஒரு வரிசையின் பெயர். முழுமையாக அமைந்த வரிசையில், அடியில் நசுங்கிய பெரிடோடைட், அதன் மேல் கேப்ரோ, அதன் மேல் சுவர்கள், அதன் மேல் பெரும்பாலும் தலையணை வடிவான லாவா. இவற்றோடு ரேடியோலேரியக் கல், குரோமைட் முதலியன சுற்றத்தாராக வரலாம். ட்ரூடோஸின் படத்தை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு எழுதியதைப் போலவே இருக்கும் அந்த இலக்கணம்.

அதில் ஒரு வாசகம் மாத்திரம் பலருடைய கண்ணுக்குத் தப்பியது. ஓஃபியோலைட்டைச் சமுத்திர மேலோடாகவே பலரும் கொள்கிறார்கள் என்றாலும், அந்தச் சொல்லை வழங்கும்போது அதன் உற்பத்தியைப் பற்றிய அபிப்பிராயம் எதையும் அதோடு சேர்க்கலாகாது என்பது அதன் கருத்து. எல்லோரும் ஒருமனப்பட்டுக் கைதட்டும் நேரத்தில், அறையில் ஒரு ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும் என்று எவருக்கோ தோன்றியிருக்கிறது.

ஜன்னல் வழியே ஆள் வருவதற்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

* * *

ஜப்பானியரான அகிஹோ மியாஷிரோ, பாறைகள் அழுத்தத்திலும் வெப்பத்திலும் மாறும் முறைகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். அப்போது நியூயார்க் மாகாணத்து ஆல்பனியில் பேராசிரியர். எரிமலைகள் வரிசையாக நிற்கும் தீவுகளில், ஒரு கடல்தரை மற்றொன்றின் அடியில் அமிழும் இடத்தில், பிறந்து வளர்ந்தவர். அவர் ட்ரூடோஸுக்குச் சுத்தியலோடு போகவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பிறர் அச்சிட்டிருந்த ரசாயனப் பட்டியல்களே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

நடுக்கடல் முகடுகளில் பிறக்கும் குழம்பு, படிகமாகிக்கொண்டே வரும்போது முதலில் தன்னிடம் இரும்பைச் சேர்த்துக்கொள்ளும். தீவு எரிமலைகளின் குழம்போ இரும்பைச் சேர்க்காமல் சிலிக்காவையே பெருக்கிக்கொள்ளும்; இதைக் கால்க்-அல்கலி வழி என்பார்கள். ட்ரூடோஸின் கீழ்த் தலையணை லாவாவிலும் சுவர்களிலும் சோதிக்கப்பட்ட கற்களைக் கணக்கெடுத்த மியாஷிரோ, அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரண்டாவது வழியில் போவதைக் கண்டார்.

1973-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பில் கேள்விக்குறி இல்லை. ட்ரூடோஸ் அநேகமாகத் தீவுவளைவு ஒன்றில், அதாவது அத்தகைய எரிமலைத் தீவுகளின் வரிசை ஒன்றில், உருவானது என்று நேராகவே எழுதிவிட்டார்.

பத்து வருஷத்து உழைப்பின் மேல் விழுந்த இடி என்று அதைச் சொல்லலாம். முகட்டில் பிறந்த கடல்தரைக்கு உலகத்திலேயே சிறந்த உதாரணம் என்று பாடப்புத்தகங்களில் ஏற இருந்த மலை, முகட்டிலேயே பிறக்கவில்லையா? மறுப்புகள் பறந்தன. சுவர்களை மறந்துவிட்டுப் பட்டியலை மாத்திரம் பார்க்கலாமா என்றார்கள். கடல்நீர் ஊறிக் கெட்டுப்போன கற்களின் ரசாயனத்தை எவ்வளவு தூரம் நம்புவது என்றும் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். 1975-ல் மூர்ஸ் பதில் எழுதினார். காஸும் தம் தோழர்களோடு சேர்ந்து பதில் எழுதினார்.

எனினும் அந்த மூன்றில் ஒரு பங்கு அப்படியே நின்றது. சுவர்களோ, பூமி விலகினாலன்றி நிற்கமாட்டா. அந்த லாவாவோ, கடல்தரை அமிழ்ந்தாலன்றி அப்படி வராது. விலகும் இடமும் அமிழும் இடமும் சமுத்திரத்தின் இரு வேறு கோடிகளில் இருப்பதாகத்தான் அன்று எல்லோரும் படித்திருந்தார்கள்.

அப்படியானால் ட்ரூடோஸ் பிறந்தது எங்கே?

(தொடரும்)